பச்சைமலை இருட்டுக்கு இரண்டு விளக்குகள்

பச்சைமலையை விட்டு இறங்கி நடந்துகொண்டிருந்தேன். முன்சக்கரம் வளைந்துபோயிருந்ததால் சைக்கிளை முன்பக்கம் தூக்கிப் பிடித்து, பின்சக்கரத்தை மட்டும் உருட்டிக்கொண்டு வந்தேன். வெயில் நன்றாக அடித்தது. அப்படியிருந்தும் வளைவு வரும்போதெல்லாம் கால் தானாக மலைச் சுவரை ஒட்டிப் போனது. பள்ளத்துப் பக்கம் நான் பார்க்கவில்லை.

முந்தைய நாள் அரசு விடுமுறை. அன்று இரவு எங்கள் கூட்டம் வேனில் திருச்சிக்குத் திரும்பியபோது எனக்கும் இடம் இருந்தது. பிரகாஷ் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு, "ஏறுங்கண்ணே, சைக்கிள மேல கட்டிக்கலாம்" என்று கெஞ்சினார். நான் ஏறவில்லை. வேன் இருட்டில் மலை இறங்கப் போகிறது என்பது ஒன்றுதான் காரணம். மலைக் கிராமத்து ரேஷன் கடை வாசலில் ஒரு தெருவிளக்கு எரிந்தது. அதன் அடியில் படுத்து இரவைக் கழித்தேன். விளக்கைச் சுற்றிய பூச்சிகள் முகத்தில் விழுந்தன. விழட்டும் என்று கிடந்தேன்.

பிரகாஷ் திருச்சிக்காரர். விடுமுறை நாட்களில் நகரத்து ஆட்களை மலைக்குக் கூட்டிவந்து, பொழுது சாய்ந்தபின் கிராமங்களுக்கு நடுவே போகும் மண் தடத்தில் சைக்கிள் ஓட்ட வைப்பது அவர் தொழில். சைக்கிளைப் பழுது பார்க்கவும் விழுந்தவரைத் தூக்கவும் கூட ஓர் ஆள் வேண்டும் என்று என்னை வைத்திருந்தார். நான் வால்பாறைப் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவன். ஒன்பதாம் வகுப்போடு பள்ளியை விட்டுவிட்டு மூணாறு, கூர்க், ஹம்பி என்று வேலை கிடைத்த ஊரெல்லாம் சுற்றியவன். வாடகை சைக்கிள் கடையில் கற்றது இந்தத் தொழில். மலை எனக்குப் புதிதல்ல. மலையில் இருட்டில் சைக்கிள் ஓட்டுவதுதான் புதிது.

அன்று பிரகாஷ் முன்னால் போனார், நான் இரண்டாவது. எனக்குப் பின்னால் வைதேகி, ஸ்ரீரங்கத்திலிருந்து வரும் வங்கி ஊழியர். அவருக்குப் பின்னால் மற்றவர்கள். என் ஹெல்மெட்டில் பிரகாஷ் கொடுத்த விளக்கு ஒன்று. ஒரு வளைவில் திடீரென்று எல்லாம் வெள்ளையாகிப்போனது. அடுத்த கணம் ஒன்றுமே இல்லை. சக்கரத்துக்கு அடியில் தரை இல்லை. உருண்டேன். ஓர் உண்ணிப் புதர் என்னைப் பிடித்துக்கொண்டது. முள் கிழித்த இடமெல்லாம் எரிந்தது. கீழே எவ்வளவு பள்ளம் என்று தெரியவில்லை. அசைந்தால் புதர் விட்டுவிடும் என்று மூச்சைக்கூட அடக்கிக் கிடந்தேன். விளக்கு ஹெல்மெட்டிலிருந்து பிய்ந்து எங்கோ போயிருந்தது. வைதேகிதான் மண்ணில் குப்புறப் படுத்து, என் சட்டைக் காலரைப் பிடித்து மேலே இழுத்தார்.

"லைட் செத்துப்போச்சுண்ணே, வேற ஒண்ணுமில்ல," என்றார் பிரகாஷ்.

எனக்கும் அப்படித்தான் பட்டது. எங்கள் தோட்டத்துத் தொழிலாளர்களின் லைன் வீடுகளில் குண்டு பல்பு ஃபியூஸ் ஆவதற்கு முன்னால் ஒருமுறை பளீரென்று எரியும். என் விளக்கும் அப்படித்தான் எரிந்து அணைந்தது என்று நினைத்தேன். சைக்கிளைத் திருச்சியில் ஒப்படைத்துவிட்டு வேறு ஊர் பார்ப்பது என்று அந்த ரேஷன் கடை வாசலிலேயே முடிவு செய்துவிட்டேன்.

அடிவாரத்தில் பஸ் வந்தது. கண்டக்டர் சைக்கிளைப் பார்த்ததுமே கையை ஆட்டினார்.

"ஆள் ஏறலாம். அது ஏறாது."

"அதுக்கும் டிக்கெட் எடுக்கிறேங்க."

"எடுத்தா, சீட்ல உக்காருமா அது?"

பஸ் போய்விட்டது. பிறகு மரவள்ளிக்கிழங்கு ஏற்றிய சின்ன லாரி ஒன்று வந்தது. குட்டியானை என்பார்களே, அந்த வண்டி. மூட்டைகளின் மேல் சைக்கிள், சைக்கிளுக்குப் பக்கத்தில் நான். துறையூர் தாண்டியதும் டயர் பஞ்சர். டிரைவரும் நானும் மூட்டைகளை ரோட்டோரம் இறக்கி, டயர் மாற்றி, மறுபடி ஏற்றினோம். அவர் என் கையிலிருந்த கீறல்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பூனையாண்ணே?"

"மலைங்க."

"மலைக்கு நகம் இருக்கா?"

"ராத்திரியில இருக்கு."

சத்திரம் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் இறக்கிவிட்டார். எங்கள் ஊரில் இந்த நேரத்துக்கு மேகம் இறங்கி, சூடான டீயும் பன்னுமாக இருக்கும். இங்கே தார் ரோடு செருப்பை இழுத்தது. தள்ளுவண்டியில் கம்பங்கூழ் குடித்தேன். மோர் மிளகாயைக் கடித்தபோது கண்ணில் தண்ணீர் வந்தது. அதைச் சாக்காக வைத்துக் கொஞ்சம் அழுதுகொண்டேன். கூழ்க்காரம்மா இன்னொரு செம்பு ஊற்றி, "காரம்னா மிளகாய விட்டுருங்க, யாரு கேக்கப்போறா" என்றார்.

பிரகாஷின் வீடு பொன்மலையில், ரயில்வே குடியிருப்பை ஒட்டி. அவ்வளவு தூரமும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே போனேன். வழியில் ரயில் பாலத்துக்கு அடியில் ஒரு சுரங்கப்பாதை. நட்டநடுப் பகல், மறுமுனையில் வெளிச்சம் தெரிகிறது, பக்கத்தில் ஆட்டோக்கள் போகின்றன. இருந்தும் நான் அதை ஓடித்தான் கடந்தேன், வளைந்த சக்கரத்தோடு. ஓர் ஆட்டோக்காரர் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

பிரகாஷ் யாரோடு பேசினாலும் உடம்பை முழுக்க அந்தப் பக்கம் திருப்பி, முகத்தைப் பார்த்துத்தான் பேசுவார். டீக்கடையில் கிளாஸை நீட்டுகிறவரிடம்கூட அப்படித்தான். திருச்சிக்காரர்கள் பொதுவாகவே மரியாதைக்காரர்கள். இவர் அதிலும் ஒரு படி மேல். நான் போய் நின்றதும் உட்கார வைத்தார், தண்ணீர் கொடுத்தார், சாப்பிட்டாச்சா என்று கேட்டார். அதன் பிறகுதான் நான் சொல்ல வந்ததைச் சொல்ல விட்டார்.

"சைக்கிள் இங்க இருக்கு. நான் கெளம்புறேன், பிரகாஷ்."

"ஞாயித்துக்கிழமை ஒரு கூட்டம் வருதுண்ணே. அதே தடம்தான். வைதேகி மேடமும் வர்றாங்க. வாக்கு குடுத்துட்டேன்."

"அதே லைட்டோடயா?"

"அதத்தான் சொல்ல வர்றேன். நீங்களே பாத்து வாங்குங்க. நாளைக்கு சாயங்காலம் கொள்ளிடக் கரையில ஓட்டிப் பாப்போம். அதுக்கப்புறமும் பயமா இருந்தா நானே பஸ் ஏத்தி விடுறேன்."

நான் போய்விட்டால் அந்தக் கூட்டம் எப்படியும் அந்த வளைவுக்குப் போகும். கெட்ட விளக்கோடு வைதேகி அங்கே வருவார், என் காலரைப் பிடித்து இழுத்தவர். எல்லா இடத்திலும் ஒரு புதர் இருக்காது. ஒரு நாள் தங்குவதாகச் சொன்னேன். அன்றிரவு அறையின் டியூப் லைட்டை நான் அணைக்கவில்லை. பிரகாஷ் முகத்தில் துண்டைப் போட்டுக்கொண்டு தூங்கினார்.

மறுநாள் மாதத்தின் இரண்டாவது சனிக்கிழமை, வங்கிக்கு விடுமுறை. வைதேகி மலைக்கோட்டை அடிவாரத்தில் எனக்காகக் காத்திருந்தார். நாற்பதைத் தாண்டியவர், ஒல்லியான உடம்பு. என் கைக்கீறல்களைப் பார்த்து, "மஞ்சள் போட்டேளா?" என்று கேட்டதோடு சரி, விழுந்ததைப் பற்றிப் பேசவே இல்லை. புடவைக் கடைகளுக்கும் பாத்திரக் கடைகளுக்கும் நடுவே ஆள்மேல் ஆள் இடித்துப் போகும் சந்து ஒன்றில், டார்ச் விற்கும் அமீன் பாய் கடைக்குக் கூட்டிப்போனார். வழியில் நான் வறுத்த வேர்க்கடலைப் பொட்டலம் ஒன்று வாங்கிக்கொண்டேன்.

"எதுக்கு லைட்டு? பன்னி வெரட்டவா, மோட்டார் போடப் போகவா?" என்றார் பாய்.

"மலையில சைக்கிள் ஓட்ட," என்றார் வைதேகி.

"ராத்திரியிலயா?"

"ஆமா பாய்."

"ஏம்மா, பகல்ல மலைக்கு லீவா?"

பேசிக்கொண்டே ஒரு பெரிய விளக்கை எடுத்து எதிர்க்கடைச் சுவரில் அடித்துக் காட்டினார். பட்டப்பகலிலும் சுவரில் வட்டம் விழுந்தது. எதிர்க்கடை விற்பனையாளர் கோபப்படுவார் என்று பார்த்தேன். அவரோ, "பாய், இன்னும் கொஞ்சம் இந்தப் பக்கம். ஜரிகைய நல்லா எடுத்துக் குடுக்குது," என்று புடவையை விரித்துப் பிடித்தார்.

எனக்கு அந்தப் பெரிய விளக்குதான் வேண்டும் என்று இருந்தது. இருக்கிறதிலேயே அதிக வெளிச்சம் எதுவோ அதைத் தலையில் கட்டிக்கொண்டால் போதும் என்று நினைத்தேன். கையோடு கொண்டுவந்திருந்த ஹெல்மெட்டில் அதை மாட்டிப் போட்டுப் பார்த்தேன். தஞ்சாவூர் பொம்மை மாதிரி தலை முன்னும் பின்னும் ஆடியது.

பாயிடம் என் கதையைச் சொன்னேன். "பளீர்னு எரிஞ்சு அணைஞ்சு போச்சு பாய்."

"எல்இடி அப்படிப் போகாது தம்பி. கொஞ்சங்கொஞ்சமா மங்கும், இல்லன்னா சட்டுனு நிக்கும். பளீர்னு எரிஞ்சு போக அது என்ன குண்டு பல்பா?"

"நான் கண்ணால பாத்தேன்."

"பாத்திருப்பீங்க. அல்லாவுக்குத்தான் வெளிச்சம்."

வைதேகி சுவரையும் விளக்கையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். "சுவத்துல அடிச்சுப் பாத்து என்ன பிரயோஜனம் பாய்? சுவத்துலயா ஓட்டப்போறோம்? இருட்டா எடம் இருந்தா சொல்லுங்கோ."

கடைக்குப் பின்னால் ஒரு குடோன் இருந்தது. ஜன்னல் இல்லாத அறை, அட்டைப் பெட்டிகள், எலிப்புழுக்கை வாசனை. வாசற்படியிலேயே நின்றுவிட்டேன். உள்ளே தரை இருக்கிறது, சிமெண்டுத் தரை, பகலில் ஆட்கள் பெட்டி எடுக்கப் போய்வருகிற அறை என்றெல்லாம் தெரிந்தும், இன்னொரு காலை எடுத்து வைக்க முடியவில்லை.

"கதவ நான் பிடிச்சுண்டு நிக்கறேன். நீங்க போங்கோ," என்றார் வைதேகி.

சின்ன விளக்கு ஒன்றை ஹெல்மெட்டில் மாட்டிக்கொண்டு உள்ளே போனேன். ஹெல்மெட் பட்டையைச் சரிசெய்யப் போனதில் பொட்டலம் நழுவி வேர்க்கடலை தரையெல்லாம் சிதறியது. குனியாமல் நின்றபடி பார்த்தேன். கடலைகள் சிமெண்டில் யாரோ பெயின்ட் தெளித்ததுபோல் தட்டையாகத் தெரிந்தன. எது கடலை, எது தரையில் உள்ள கறை என்று பிரிக்க முடியவில்லை. பொறுக்குவதற்காக ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் தொங்கவிட்டபோது வெளிச்சம் முழங்கால் உயரத்துக்கு இறங்கியது. உடனே ஒவ்வொரு கடலைக்கும் பின்னால் விரல் நீளத்துக்கு ஒரு நிழல் எழுந்தது. எது மேடு, எது குழி என்று இப்போது சொல்ல முடிந்தது. தலைக்குக் கொண்டுபோனேன்: நிழல் போய்விட்டது. கீழே கொண்டுவந்தேன்: நிழல் வந்தது. கண்ணும் விளக்கும் ஒரே இடத்தில் இருந்தால் நிழலெல்லாம் கல்லுக்குப் பின்னாலேயே மறைந்துவிடுகிறது.

எங்கள் தோட்டத்தில் இரவில் வெளியே போகிறவர்கள் டார்ச்சை இடுப்புக்குக் கீழேதான் பிடித்துப் போவார்கள். பாம்புக்காக என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

"அப்ப ஹேண்டில்பார்ல மட்டும் போதுமே," என்றேன் வெளியே வந்து.

"போறாது," என்றார் வைதேகி. "ஹேண்டில்பார் லைட் சக்கரம் பாக்கற பக்கம்தான் பாக்கும். வளைவுல நமக்குத் தெரியவேண்டியது சக்கரம் இன்னும் போகாத எடம். அதுக்குத் தலையில ஒண்ணு வேணும்."

ஆக ஆளுக்கு இரண்டு எடுத்தோம். ஹேண்டில்பாருக்கு அகலமாகத் தரையில் பரவுகிற ஒன்று. குலுங்கினாலும் கீழே கவிழாதபடி தடித்த ரப்பர் பட்டை உள்ளது, அணைவதற்கு முன் மங்கி எச்சரிப்பது. ஹெல்மெட்டுக்கு, எடை தெரியாத சின்னது. வெளிச்சம் குறுகலாக, தூரமாகப் போவது. பேட்டரி வெவ்வேறு. ஒன்று போனால் இன்னொன்று இருக்கும். பாய் பெரிய விளக்கை வருத்தத்தோடு திரும்ப அட்டைப்பெட்டியில் வைத்தார். "சுவத்துக்கு ஏதாச்சும் வேணும்னா வாங்க," என்றார்.

டவுன் பஸ்ஸில் காவிரிப் பாலம் தாண்டி ஸ்ரீரங்கம் போனோம். வைதேகி வீட்டில் மதியச் சாப்பாடு. வாழைப்பூ உசிலி, ரசம், தயிர் சாதம். ரசத்தை அங்கே சாத்தமுது என்றார்கள். பெயர் மாறினாலும் மூன்று முறை வாங்கிக்கொண்டேன். அவருடைய அம்மா புது ஹெல்மெட் விளக்கைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நெத்தியில மூணாவது கண்ணு வெச்சுண்டு போறியே, வைஷ்ணவா ஆத்துல இது வழக்கமாடீ?"

"ராத்திரிக்கு மட்டும்தாம்மா."

"பெருமாள் கேட்டா நீயே பதில் சொல்லிக்கோ," என்றார் அம்மா. பிறகு என்னிடம், குரலை இறக்கி, "இவள நல்லபடியா திருப்பிக் கூட்டிண்டு வந்துடுங்கோ" என்றார். சாதத்தைப் பிசைந்துகொண்டிருந்த என் கை நின்றுபோனது. தலையை மட்டும் ஆட்டினேன்.

சாயங்காலம் கொள்ளிடக் கரை. பிரகாஷ் வேறு சக்கரம் மாட்டிய என் சைக்கிளோடு வந்து சேர்ந்தார். கரையை ஒட்டி, நாணலுக்கும் கருவேல மரங்களுக்கும் இடையில் ஒரு மண் தடம் போகிறது. யாரோ மண் அள்ளிய குழிகள் அங்கங்கே. மேற்கே வெளிச்சம் குறைந்துகொண்டே வந்தது. நாணலில் எது அசைந்தாலும் பிரேக்கைப் பிடித்தேன், சைக்கிள் நின்றுகொண்டிருக்கும்போதே.

விளக்குகளைப் போட்டபின் ஒரு வழக்கம். யாரும் யார் முகத்தையும் பார்ப்பதில்லை. பார்த்தால் எதிராளியின் கண்ணில் அடிக்கும். அதனால் தலையைக் குனிந்து அவரவர் செருப்பைப் பார்த்துக்கொண்டே பேசவேண்டும். பிரகாஷ்தான் எல்லோருக்கும் இதைச் சொல்லிக்கொடுத்தவர். அன்று அவரே எங்களைவிட ஆழமாகக் குனிந்து நின்றார். அவர் ஹெல்மெட்டில் இருந்தது புது விளக்கு, எங்கள் எல்லோருடையதையும்விடப் பிரகாசமானது. மலைக்கு அதைப் போட்டுக்கொண்டு போனது நான் விழுந்த அன்றுதான் முதல் தடவை.

"ரெண்டு பேரும் குனிஞ்சுண்டு நிக்கறதப் பாத்தா பொண்ணு பாக்க வந்த எடம் மாதிரி இருக்கு," என்றார் வைதேகி, தன் ஷூவிடம்.

"பஜ்ஜி எங்க மேடம்?" என்றார் பிரகாஷ் மண்ணிடம்.

கிளம்பினோம். மலையில் போன அதே வரிசை: பிரகாஷ், நான், வைதேகி. முதல் கொஞ்ச தூரம் பிரேக்கிலிருந்து விரலை எடுக்கவே இல்லை. பிறகு விளக்குகள் வேலை செய்வது தெரிந்தது. தடத்தில் கிடந்த ஒவ்வொரு கல்லும் நிழலோடு எழுந்து தன்னைக் காட்டியது. குழி கறுப்பாக வாயைத் திறந்தது. வளைவில் தலையைத் திருப்பினால் வெளிச்சம் எனக்கு முன்னால் திரும்பியது. பயம் போகவில்லை. ஆனால் அதற்கு ஓர் எல்லை கிடைத்ததுபோல் இருந்தது: வெளிச்சம் முடிகிற இடத்தில்தான் அது தொடங்கியது.

அப்போது பிரகாஷ் கேட்டார், "எல்லாரும் வர்றீங்கள்ல?"

எல்லாம் வெள்ளையாகிப்போனது.

அடுத்து ஒன்றுமே இல்லை. மலையில் நடந்தது அப்படியே. இந்த முறை இரண்டு பிரேக்கையும் இறுக்கி, சைக்கிளைச் சரித்துவிட்டு நானும் விழுந்தேன். எனக்குப் பின்னால் வைதேகி நாணலுக்குள் பாய்ந்து நின்ற சத்தம் கேட்டது. கண்ணுக்குள் பச்சைப் பச்சையாக ஏதோ மிதந்தது. அது கலைந்து கண் தெளிந்தபோது என் இடது செருப்புக்குப் பக்கத்தில் தரை முடிந்திருந்தது. மண் அள்ளிய குழி, அடியில் தண்ணீர். குழியை எனக்குக் காட்டியது ஹேண்டில்பார் விளக்கு. தலையில் கை வைத்துப் பார்த்தேன், அந்த விளக்கும் எரிந்துகொண்டிருந்தது.

இரண்டுமே அணையவில்லை.

"லைட் போச்சாண்ணே?" என்று பிரகாஷ் பதறித் திரும்பினார். மறுபடியும் வெள்ளை.

"திரும்பாதீங்க பிரகாஷ்."

"என்னண்ணே?" என்று இன்னும் நன்றாகத் திரும்பினார்.

"தலையக் குனிங்க. அப்படியே நில்லுங்க."

குனிந்தார். நான் எழுந்து, உட்கார்ந்து, மறுபடி எழுந்தேன். பிறகு சொன்னேன். மலையில் என் விளக்கு சாகவில்லை. பளீரென்று எரிந்தது அவர் தலையில் இருந்த விளக்கு. பின்னால் வருகிறவர்களைக் கேட்க அவர் திரும்பியிருக்கிறார்.

"இல்லண்ணே. நின்னு பேசும்போதே நான் குனிஞ்சுதான் பேசுவேன். உங்களுக்கே தெரியுமே."

"நிக்கும்போது. ஓட்டும்போது?"

அவர் யோசித்தார். பழைய விளக்கு மங்கல். அதோடு எத்தனை முறை திரும்பியிருந்தாலும் யாருக்கும் ஒன்றும் ஆகியிருக்காது. தன் பின்னால் தானே ஓட்டி வந்து பார்க்க யாராலும் முடியாது. வைதேகி நாணலிலிருந்து சைக்கிளை இழுத்துக்கொண்டு வந்து, "சோதிச்சுப் பாத்துடலாமே" என்றார்.

நானும் அவரும் தடத்தோரம் நின்றுகொண்டோம். பிரகாஷ் மட்டும் எங்களைத் தாண்டி மெதுவாக ஓட்டிப்போக வேண்டும். நாங்கள் கூப்பிடுவோம், அவர் திரும்பக்கூடாது. அவ்வளவுதான்.

"பிரகாஷ்!" என்றேன். திரும்பிவிட்டார்.

"சாரிண்ணே. இன்னொரு தடவ."

இந்த முறை வைதேகி, மிகச் சாதாரணமான குரலில், "பிரகாஷ், சாப்பிட்டாச்சா?" என்றார்.

"ஆச்சு மேடம், நீங்க?" என்று முழு முகத்தோடு திரும்பினார். நாங்கள் இருவரும் கண்ணை மூடிக்கொண்டோம்.

கடைசி முறை கைப்பிடியை இறுக்கிப் பிடித்து, பல்லைக் கடித்துக்கொண்டு போனார். நான் இருமினேன். கழுத்து திரும்பியது.

சைக்கிளைக் கீழே போட்டுவிட்டு மணலில் உட்கார்ந்தார். விளக்கை அணைத்தார். "முதுகக் காட்டிக்கிட்டு எப்படிண்ணே ஒருத்தருக்குப் பதில் சொல்றது? எங்கப்பா அறைஞ்சிருப்பாரு." பிறகு, "அன்னிக்கு மலையில எத்தன தடவ திரும்பினேன்?" என்று கேட்டார். எங்களில் யாருக்கும் தெரியவில்லை. இருட்டில் அவர் குரல் என் குரல் மாதிரியே இருந்தது.

எங்கள் தோட்டத்தில் வேலை வாங்கும் கங்காணி முன்னால் நடந்துகொண்டே, திரும்பாமல், வானத்தைப் பார்த்துத்தான் கத்துவார். மரியாதை தெரியாத ஆள் என்று பெயர். அவர் பின்னால் யாரும் விழுந்ததில்லை.

வைதேகிதான் வழி சொன்னார். "முன்னாடி போறவர் திரும்பப்டாது. கடைசியில வர்றவருக்குப் பின்னாடி யாரும் கிடையாது. பிரகாஷ் கடைசியில வரட்டும். அந்த லைட்ட ஹேண்டில்பாருக்கு இறக்கிடட்டும், இல்லேன்னா எங்க நிழலே எங்களுக்கு முன்னாடி விழும்."

"அப்ப முன்னாடி யாரு?" என்றார் பிரகாஷ்.

மூவரும் குனிந்து அவரவர் காலைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

"என்னப் பாத்துக் கேக்காதீங்க," என்றேன்.

"யாரும் உங்களப் பாக்கலையே," என்றார் வைதேகி. பிறகு, "பயப்படறவர் முன்னாடி போனா மெதுவாப் போவார். எங்க எலும்பெல்லாம் முழுசா திரும்பி வரும்."

காலையில் சொல்வதாகச் சொன்னேன். அன்று இரவும் டியூப் லைட் எரிந்தது. இரண்டாவதாகப் போகிறவனுக்கு முன்னால் ஒரு முதுகு இருக்கும். அது போன இடத்தில் தரை இருக்கிறது என்று நம்பலாம். முதலாவதாகப் போகிறவனுக்கு முன்னால் என்ன இருக்கும் என்று யோசிக்கும்போதெல்லாம் புதரில் கிடந்தது நினைவுக்கு வந்தது. விடியற்காலையில் எழுந்து, யாருக்கும் தெரியாமல் பையைக்கூடக் கட்டிவிட்டேன். கட்டிய பையின் மேல் உட்கார்ந்தேன். நான் பஸ் ஏறினால் பிரகாஷ்தான் முன்னால் போவார். யாராவது ஒருவர் பின்னால் இருமுவார்.

பிரகாஷ் எழுந்ததும் வேலையை ஒப்புக்கொண்டேன். முன்னால் போகிற ஆள். கடைசியில் வரும் பிரகாஷ் அவ்வப்போது, "எல்லாரும் இருக்கோம்" என்று குரல் கொடுப்பார். நான் இடது கையைத் தூக்குவேன், திரும்பமாட்டேன். குரல் வரவேண்டிய நேரத்தில் வராவிட்டால் நிற்கவேண்டும், காலைத் தரையில் ஊன்றவேண்டும், தலை விளக்கை அணைக்கவேண்டும், அதற்குப் பிறகுதான் திரும்பிப் பார்க்கவேண்டும். இந்தக் கடைசி விதியைச் சேர்த்தது நான்தான். சொல்லி முடித்தபிறகுதான், இருட்டாக்கிக்கொண்டு இருட்டைப் பார்க்க ஒப்புக்கொண்டிருக்கிறேன் என்பது உறைத்தது.

மலைக்கு வேன் மதியம்தான் கிளம்பும் என்றார்கள். அதுவரை பொன்மலையில் அந்த வீட்டு வாசலில் ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து, கண்ணை மூடி, விளக்கை அணைக்கும் பொத்தானைக் கட்டைவிரலால் தேடிப் பழகினேன்.